மாநகராட்சி ஆணையருக்குத் தரைத்தளத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், பாதாளச் சாக்கடைப் பிரிவின் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு லாரி வரும், ஒரு புகைப்படம் எடுக்கப்படும், புகார் முடித்துவைக்கப்படும். தமிழ்நாட்டில் பாதாளச் சாக்கடை உள்ள எந்த மாநகராட்சியின் ஆணையரும் இதைத் தமக்கு வந்த மடலாக எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும்.

தங்கள் ஊழியர்கள் எங்கள் தெருவில் வீடு வீடாக ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். சமையல் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, எண்ணெய்ப் பலகாரங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அப்படிச் செய்தால் உடலும் நன்றாக இருக்கும், நகரின் குழாய்களும் நன்றாக இருக்கும் என்பது அதன் சாரம். வழவழப்பான தாள், நான்கு வண்ணம், ஓரத்தில் சிரிக்கும் ஒரு குடும்பம். அது என் கையில் கொடுக்கப்பட்ட நேரத்தில் நான் குளியலறையில் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. தெருச் சாக்கடை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்து போயிருந்தது. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தத் துண்டறிக்கைதான். சாக்கடை வருவது எங்களுக்குப் பழகிவிட்டது.

தெருக் குழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் மிகத் தாழ்வான திறப்பைத் தேடும். எங்கள் கட்டடத்தில் அந்தத் திறப்பு எங்கள் குளியலறைச் சல்லடை. முதலில் குமிழி வரும். பிறகு கறுப்புத் தண்ணீர் மெதுவாக ஏறும். அதன் மேல் பளபளவென்று எண்ணெய் மிதக்கும். உடனே நான் மாடி ஏறி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, கொஞ்ச நேரம் குளிக்காதீர்கள், துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்துங்கள், கழிப்பறையில் தண்ணீர் விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல மனிதர்கள்தான். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எத்தனை மணி நேரம் தண்ணீர் திறக்காமல் இருக்க முடியும்? அவர்கள் முகம் சுளித்தால் நான் எந்த உரிமையில் கோபித்துக்கொள்வது? அவர்கள் குளிக்கும் தண்ணீர் என் வீட்டில் வந்து நிற்பது அவர்கள் குற்றமும் அல்ல, என் குற்றமும் அல்ல.

என் மாமியாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். அவரால் மாடிப் படி ஏறி இன்னொரு வீட்டுக் கழிப்பறைக்குப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் அடைப்பு அதிகம் வருகிறது என்பதை எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்கு அவர் தாமாகவே ஒரு வழியும் செய்துகொண்டார். சனிக்கிழமை மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார். தம்ளரை நீட்டினால் தாகமில்லை என்கிறார். சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவரிடம் கூட்டிப் போனபோது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்ன மருத்துவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் அன்று என்ன கிழமை என்று என்னிடம் கேட்டார். மாநகராட்சியின் கால அட்டவணைக்கு ஏற்ப உடம்பைப் பழக்கிக்கொண்ட குடிமகள் அவர். எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லும் துண்டறிக்கையை நான் அவரிடம் காட்டவில்லை. அவருடைய காலை உணவு கஞ்சி.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆகவே அடைப்பை நீக்க வந்தவர்கள் சாக்கடைக் குழியிலிருந்து வெளியே எடுத்துப் போட்டதைச் சற்று உற்றுப் பார்த்தேன். சாம்பல் நிறம் கலந்த வெள்ளைக் கட்டிகள். கடப்பாரை நுனி பட்ட இடத்தில் தேங்காய்ப் பருப்பைப் போலச் செதில் செதிலாகப் பெயர்ந்தன. உள்ளே முடி, பிளாஸ்டிக் உறை, குழந்தையைத் துடைக்கும் ஈரத் தாள், எலும்புத் துண்டு. கூடவே, முழுசு முழுசாகப் பிரிஞ்சி இலைகளும் அன்னாசிப்பூவும். எந்த வீட்டில் அத்தனை பிரிஞ்சி இலை போட்டுச் சமைக்கிறார்கள்? விலாசம் எழுதி அனுப்பியதைப் போல அந்தக் கட்டி தன் பிறப்பிடத்தைச் சொல்லிக்கொண்டு கிடந்தது. படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

தங்கள் பொறியாளர் ஒருவர் என்னிடம், நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் உறையாது, கொழுப்புக் கட்டி என்பதெல்லாம் குளிர் நாட்டுப் பிரச்சினை என்று சொன்னார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது உறைவதால் மட்டும் வருவதல்ல. எண்ணெயும் கொழுப்பும் சாக்கடையில் சிதைந்து கொழுப்பு அமிலமாகின்றன. கான்கிரீட்டிலிருந்து கால்சியம் கரைந்து வருகிறது. கடினத் தண்ணீரிலும் அது இருக்கிறது. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இரண்டும் சேர்ந்தால் கால்சியம் சோப்பு. நான் வகுப்பில் நடத்திய சோப்பாக்கல் வினையின் நெருங்கிய உறவினர் இது. ஆனால் நாம் குளிக்கும் சோடியம் சோப்பைப் போலத் தண்ணீரில் கரையாது. குழாய்ச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாக்கடைப் படிவுகளை எடுத்துச் சோதித்து இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். வெயில் எத்தனை டிகிரி அடித்தாலும் அந்தச் சோப்பு உருகி ஓடிவிடாது. ஆகவே வெயிலை நம்பி இருக்க வேண்டாம்.

இப்போது உணவுப் பழக்கத்துக்கு வருகிறேன். துண்டறிக்கை சொல்வது முழுப் பொய் என்று நான் வாதிட வரவில்லை. இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய் செலவாகிறது என்று நிதி ஆயோக் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எங்கள் தெருவும் அதில் தன் பங்கைக் குறைவில்லாமல் செலுத்துகிறது. ஞாயிறு மதியம் பிரியாணி, இரவில் பரோட்டா சால்னா, மழை வந்தால் பஜ்ஜி. முக்கால்வாசிக் கடைகள் ஊற்றும் எண்ணெய் பாமாயில் என்பது ஊரறிந்தது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. விலை மலிவு என்பதால் ஊற்றுகிறார்கள். அந்தப் பாமாயிலை ரேஷன் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுப்பது அரசு. ஒரு கையில் பாமாயில், மறு கையில் துண்டறிக்கை. வாங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு கை இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலும், நான்கு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களிடமும் வெளியே சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிடட்டும். அவர்கள் தின்ற எண்ணெய் அவர்கள் வயிற்றுக்குப் போய்விட்டது. எங்கள் குழாய்க்கு வருவது அவர்கள் தின்னாத எண்ணெய். அதைத்தான் தாங்கள் கவனிக்கவில்லை.

பொரித்த எண்ணெய்க்குச் சட்டம் இருக்கிறது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள் கணக்கு எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டமும் 2018-இல் தொடங்கியது. நல்லது. வாணலியில் மிஞ்சும் எண்ணெய்க்கு வாங்க ஆள் இருக்கிறது. காசு வருகிற பொருளை எந்த முதலாளியும் சாக்கடையில் ஊற்றமாட்டார். ஆனால் பிரியாணி அண்டாவில் ஒட்டியிருப்பதற்கு யார் விலை கொடுப்பார்கள்? சால்னாக் குண்டானின் அடியில் நிற்பதற்கு? தட்டுகளில் வழித்துப் போட்ட குழம்புக்கு? அவை வெந்நீரோடும் பாத்திரம் தேய்க்கும் தூளோடும் கரைந்து, பார்ப்பதற்குச் சாதாரண அழுக்குத் தண்ணீராகக் கடையை விட்டு வெளியேறுகின்றன. குழாயில் கொஞ்ச தூரம் போய் ஆறியதும் எண்ணெய் மறுபடி பிரிந்து நிற்கிறது. அந்தக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது.

இதற்கு மருந்து பெரிய விஞ்ஞானம் இல்லை. கிரீஸ் டிராப் எனப்படும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி. பாத்திரம் கழுவிய நீர் அதில் சற்று நேரம் நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும், சோறும் எலும்பும் கீழே தங்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். உணவகச் சமையலறைக் கழிவுநீர்க் குழாயில் இது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பிலேயே உள்ள செய்தி. சிங்கப்பூரில் இது இல்லாமல் உணவுக் கடை நடத்த முடியாது; அங்கே தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பகுதியில் நம் ஊர்க்காரர் நடத்தும் பரோட்டாக் கடைக்கும் அதே விதிதான். அங்கே போனதும் தொட்டி வைக்கத் தெரிந்த கைக்கு இங்கே மட்டும் எப்படி மறந்துபோகிறது?

ஆகவே என் முதன்மையான கோரிக்கை இதுதான். எண்ணெய் பிரிக்கும் தொட்டி இல்லாத எந்த வணிகச் சமையலறைக்கும் உரிமம் கொடுக்காதீர்கள். இருக்கிற உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள்.

எங்கள் தெருவில் இப்போது பெயர்ப் பலகையே இல்லாத சமையலறை ஒன்று வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் குடியிருப்பு வீடு. உள்ளே அடுப்புகள், வாசலில் எந்நேரமும் உணவு எடுத்துப்போக நிற்கும் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள். கைப்பேசித் திரையில் அந்த ஒரே அடுப்படிக்கு நான்கு உணவகப் பெயர்கள் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பையன் காட்டினான். சாக்கடை இணைப்பு மட்டும் வீட்டு இணைப்பு. நான்கு பேர் குளித்து, சமைத்து, துவைப்பதற்காகப் போட்ட குழாய். அதில் ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்குக் கழிவு போகிறது. இது தங்கள் கணக்கில் வீடா, கடையா? சொத்து வரி வசூலிக்க வருபவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

இதை எழுதும்போது கை நடுங்குவது வயதினால் அல்ல. அந்தத் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஜெட் ராடிங் வண்டி வந்தது. குழாயை உள்ளே விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கட்டி அசையவில்லை. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார்கள். அதுவும் பயன்படவில்லை. மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் ஓர் இளைஞனைப் பார்த்தார். அவன் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். ஆணை என்று எதுவும் வாயால் சொல்லப்படவில்லை. நாளை விசாரணை வைத்தால் யாரும் சொல்லவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். எங்கள் தெருப் பெண்கள் குழியைச் சுற்றி நின்றுகொண்டோம். இறங்கக் கூடாது என்றோம். அப்படியானால் அடைப்பு அப்படியே இருக்கட்டுமா அம்மா என்று மேற்பார்வையாளர் மிகப் பணிவாகக் கேட்டார்.

ஆணையர் அவர்களே, அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கும் நிலைக்கு ஒரு மாநகராட்சி வரலாமா? ஒரு பக்கம் எங்கள் வீட்டுக் குளியலறை, மறு பக்கம் யாரோ பெற்ற பிள்ளையின் உயிர், எது வேண்டும் என்று நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறார்கள். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. பிறகு ஆள் விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. கொழுப்புக் கட்டி செய்யும் கொலைகளில் கொழுப்பின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. விஷவாயு தாக்கிப் பலி என்று செய்தி வரும்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையம் 1993 முதல் தொகுத்த இறப்புக் கணக்குகளில் தமிழ்நாட்டின் பெயர் பல ஆண்டுகளாக முதலிடத்தில் நின்றிருக்கிறது. எத்தனையோ விஷயங்களில் நாம் முன்னோடி மாநிலம் என்று மேடையில் பேசுகிறோம். இதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

மறுநாள் வேறொரு வண்டி வந்தது. அதன் குழாய் முனையில் சுழலும் வெட்டுக் கருவி இருந்தது. கீழ்ப்புறத்துக் குழியிலிருந்து உள்ளே விட்டார்கள். ஆள் யாரும் இறங்காமலே கட்டி உடைந்து வந்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்த வண்டி முதல் நாளும் மாநகராட்சியில்தானே இருந்தது? பெண்கள் சுற்றி நிற்காத தெருக்களுக்கு அது போகிறதா?

லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியில் 2017-இல் தெருவுக்கடியில் 250 மீட்டர் நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டி கிடந்தது. எடை 130 டன் என்று கணக்கிட்டார்கள். உடைத்து எடுக்கச் சில வாரங்கள் ஆயின. ஒரு பகுதியை பயோடீசலாக்கினார்கள். ஒரு துண்டை 2018-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், மக்கள் போய்ப் பார்த்தார்கள். கொழுப்புக் கட்டி அங்கேயும் வருகிறது. பணக்கார நாட்டுக்காரன் பத்தரைமாற்று ஒழுக்கசாலி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே பாதுகாப்பு உடையும் கருவியும் கட்டியவர்கள்தான் அதன் அருகே போனார்கள். கட்டியின் நீளமும் எடையும் மக்களுக்குச் சொல்லப்பட்டன. எங்கள் தெருவில் எடுத்த கட்டியைக் குழி ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனார்கள். இரவு மழை பெய்தது. பாதி மறுபடி உள்ளே போய்விட்டது.

அந்தக் குவியலைப் பற்றிச் செயலியில் புகார் செய்தேன். தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. இணைத்திருந்த படத்தில் இருந்தது வேறொரு தெரு. நல்ல சுத்தமான தெரு. அங்கே வீடு கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தூய்மை நகரப் போட்டிக்காக எங்கள் தெருமுனைச் சுவரில் மயில் வரைந்திருக்கிறீர்கள். மூடி உடைந்த குழிக்கு மேலே வேப்பங்கிளையை நட்டு வைத்திருப்பது நாங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டானால் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடிகாலில் யார் யார் சாக்கடை இணைப்பைத் திருட்டுத்தனமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது எங்கள் தெரு நாய்க்கும் தெரியும். கேபிள் போடத் தோண்டியவர்கள் எங்கள் குழாயைக் குத்திவிட்டுப் போனதும், அதை மூட ஒரு துறை, சாலை போட இன்னொரு துறை என்று மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்ததும்... இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் மடல் முடியாது. மயில் அழகாகத்தான் இருக்கிறது. நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

உணவகம், மெஸ், கல்யாண மண்டபம், விடுதி, பெயர்ப் பலகையில்லாத அந்தச் சமையலறை எல்லாவற்றிலும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி இருக்கிறதா என்று தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள். தொட்டி இருந்தால் மட்டும் போதாது. மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மிதக்கும் எண்ணெயும் அடியில் தங்கியதும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் கால் பங்கை எட்டினால் அள்ளிவிட வேண்டும் என்பது இத்துறையில் பொதுவான கணக்கு. அள்ளாத தொட்டி வெறும் பள்ளம். சோதனைக்கு வருபவர் காபி குடித்துவிட்டு மூடியை மிதித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுப் போகும் வழக்கம் வேண்டாம்.

அள்ளிய எண்ணெய்க் கசடு எங்கே போவது என்பதற்கும் ஒரு வழி செய்து கொடுங்கள். சிறிய கடைக்காரர்களை நான் பகைத்துக்கொள்ளவில்லை. தள்ளுவண்டியில் பரோட்டா போடுபவரிடம் தொட்டி கட்டு என்றால் எங்கே கட்டுவார்? அவருக்கு வார்டுக்கு ஒரு பொதுவான கழுவுமிடம் வேண்டும், அதில் மாநகராட்சியே தொட்டி கட்டலாம். குப்பை வண்டியோடு வாரம் ஒரு முறை கசடுக்கு ஒரு பீப்பாய் வந்தால்கூட பாதிப் பேர் ஊற்றுவதை நிறுத்துவார்கள். மீதிப் பாதிக்கு அபராதம் போடுங்கள். இரண்டையும் செய்யாமல் துண்டறிக்கை மட்டும் கொடுத்தால், சாப்பிடுகிறவனுக்கு அறிவுரை, சமைக்கிறவனுக்கு உரிமம், குழிக்குள் இறங்குகிறவனுக்கு மாலை என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

எங்கள் வார்டில் எந்தெந்தக் கடையில் தொட்டி இருக்கிறது, கடைசியாக எப்போது அள்ளப்பட்டது என்ற பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நாங்களே படித்துக்கொள்கிறோம். எங்கே சாப்பிடுவது என்பதையும் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம். உணவுப் பழக்கத்தை மாற்றச் சொன்னீர்கள் அல்லவா?

அதுவரை, வெட்டுக் கருவி பொருத்திய அந்த வண்டி முதல் நாளே வரட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புகார் எண்ணை எடுத்துப் பேச ஒருவரை அமர்த்துங்கள். சட்டையைக் கழற்றும் இளைஞனை மட்டும் எங்கள் தெருவுக்கோ வேறு தெருவுக்கோ அனுப்பாதீர்கள்.

தங்கள் பதிலை எழுத்து மூலம் எதிர்பார்க்கிறேன். தீர்க்கப்பட்டது என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு எதுவாக இருந்தாலும் நன்றியுடன் பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் மாநகராட்சிக்குச் சொத்து வரியும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் பாக்கியில்லாமல் செலுத்திவரும்
ஒரு தரைத்தளக் குடியிருப்பாளர்

பி.கு.: துண்டறிக்கையில் இருந்த தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. அடுத்த முறை அச்சிடும்போது கவனிக்கவும்.